ஒரு சொட்டும் சிந்தாத வண்டி

பழைய வண்டியை ஓட்டிக் கெட்டவர்கள் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இன்னும் நன்றாக ஓடட்டுமே என்று கை வைத்துக் கெட்டவர்கள்தான் அதிகம். ஏற்காட்டில் இதற்கு உதாரணம் கேட்டால் யாரும் மோவாயைத் தடவி யோசிக்க மாட்டார்கள். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர் முதல் பஜாரில் மிளகாய் பஜ்ஜி போடுபவர் வரை, நேராக எங்கள் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் செய்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். என்னைவிட மூத்தது. என் அப்பாவைவிடவும் ஓரிரு வயது மூத்ததாக இருக்கலாம். அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார், அதாவது ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுபவர். எஸ்டேட் கைமாறியபோது பழம் உரிக்கும் பல்ப்பர் ஷெட்டில் சாக்குக் குவியலுக்கு அடியில் கிடந்த இந்த வண்டியை, "எடுத்துட்டுப் போங்க ரைட்டர், இடமாவது காலியாகட்டும்" என்று புது முதலாளி தள்ளிவிட்டார். அப்பாவுக்கு அதைத் தொடக்கூடாது என்கிற புத்தி இருந்தது. எனக்கு இல்லை.

நான் படித்தது பி.காம். அதே எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைலியை மடித்துக் கட்டிவிட்டால், இங்கிலாந்துக்காரன் மறந்துவிட்டுப் போன மிச்ச வேலையை முடிக்கப் பிறந்தவன் நான்தான் என்கிற நினைப்பு வந்துவிடும். இந்த வண்டியின் நட்டுகளுக்கு நம்மூர் ஸ்பேனர் சேராது. அதற்கென்று தனி அளவில் ஒரு செட் வரவழைத்தேன். பெட்டியின் கனத்தைப் பார்த்த அம்மா, வரப்போகும் மருமகளுக்குப் பையன் வெள்ளிப் பாத்திரம் வாங்கிவிட்டான் என்று ஆசையாகப் பிரித்தார். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு ரசம் மட்டும்தான்.

வண்டிக்கு இருந்த ஒரே குறை, ஒழுகும். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் எல்லாமே ஒழுகும். எங்கே நிறுத்தினாலும் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் வைத்துவிட்டுத்தான் கிளம்பும். பழைய வண்டிக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: ஒழுகுகிறதே என்று கவலைப்படாதே, ஒழுகவில்லை என்றால் கவலைப்படு, உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை வாரம் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் போடுவார். நானும் கைதட்டும் பொம்மை அனுப்புவேன். ஆனால் அதை நம்பியதில்லை, அங்கேதான் கோளாறு.

இந்த நேரத்தில்தான் மெர்சியின் வரன் வந்தது. அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. 'பையன் நல்ல பையன்தாங்க, ஆனா எப்பப் பாத்தாலும் வண்டிக்கு அடியிலயே படுத்திருக்கானாமே' என்று மலை இறங்கிப் போய்விடும். மெர்சி சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பெண் பார்க்கப் போனபோது என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "காபியை எப்படி வாங்குவீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த டம்ளரைக் கையில் வாங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். (நான் முடிவு செய்து என்ன ஆகப் போகிறது? முடிவு செய்ய வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.)

அவர் மெர்சியின் அப்பா, ஆரோக்கியசாமி. சேலத்தில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வெல்ல மூட்டைகளுக்கு நடுவில் காலையிலிருந்து மாலை வரை நிற்கிற மனிதர், ஆனால் அவருடைய வேட்டியிலும் சட்டையிலும் ஓர் ஈ உட்கார்ந்த தடம்கூட இருக்காது. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, நடந்தால் மொடமொடவென்று சத்தம் வரும். பேச்சுக்கும் அதே கஞ்சி. "பையனப் பாத்தாச்சுங்க. இனி ஊடு பாக்கணுமுங்க. ஊட்டப் பாத்துட்டுத்தான் மத்த பேச்சு" என்று எழுந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது சாதாரண விஷயம் இல்லை. காபி குடிக்கிற சாக்கில் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், மாமியாருடைய முகத்தைப் பார்ப்பார்கள். போதாததற்கு மெர்சியின் அத்தை முன்பே ஒருமுறை ஏரி பார்க்க வந்ததுபோல வந்து எங்கள் தெருவை நோட்டம் விட்டிருக்கிறார். வண்டி நின்ற இடத்தில் கால் வழுக்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். 'வாசல்லயே எண்ணெய்க் குட்டை வெச்சிருக்காங்க' என்று தகவல் சேலம் போய்விட்டது. அம்மா அவசர அவசரமாக வாசலுக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டவைத்தார். ஒட்டிய ஈரம் காய்வதற்குள் எனக்குச் சட்டமும் போட்டார்.

"இத பாரு சாமி. அவங்க வர்ற அன்னிக்கி இந்த டைல்ஸ்ல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா, ஒண்ணு அந்த வண்டி இந்த ஊட்ல இருக்கும், இல்ல நீ இருப்ப."

வண்டியைச் சாக்குப் போட்டு மூடிக் கொல்லையில் தள்ளியிருந்தால் கதை முடிந்திருக்கும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் ஒழுக்கை நிறுத்துவது என்று கிளம்பினேன். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையே தோற்ற இடத்தில் ஏற்காட்டு பி.காம். ஜெயிக்கப் போகிறது!

மூட்டு மூட்டாகக் கழற்றினேன். புது கேஸ்கெட் வைத்தேன், பசை தடவினேன், நட்டுகளை முறுக்கினேன். எல்லா இடமும் காய்ந்துவிட்டது. இரண்டு இடத்தில் மட்டும் சொட்டு நிற்கவில்லை. எஞ்சினுக்கு அடியிலிருந்து வருகிற ஒரு சின்னக் குழாய், சீட்டுக்குக் கீழே வலது பக்கம் இருக்கிற ஆயில் டேங்க்கிலிருந்து வருகிற இன்னொரு சின்னக் குழாய். இரண்டின் வாயும் திறந்தே கிடந்தது. உள்ளே போகவும் இல்லை, எதிலும் சேரவும் இல்லை, சும்மா தொங்கிக்கொண்டு சொட்டியது. வெள்ளைக்காரன் எதையோ மாட்ட மறந்திருக்கிறான் என்று எனக்கு அவன்மேல் பரிதாபமே வந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி மருந்துப் பாட்டில்களின் ரப்பர் மூடிகளைக் கழுவிக் காயவைத்து, எதற்காவது உதவும் என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அதில் இரண்டை எடுத்துக் குழாய்களின் வாயில் திணித்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மேலே கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, 'முடியாது என்றவர்களுக்குச் சமர்ப்பணம்' என்று எழுதினேன். ஒருவர் மட்டும், 'அந்த இரண்டு குழாயை என்ன செய்தீர்கள்?' என்று கேட்டார். பொறாமை பிடித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று விட்டுவிட்டேன்.

அந்த நாள் வந்தது. விருந்தாளிகளை அடிவாரத்துக்கே போய் எதிர்கொண்டு அழைத்து வருவது மரியாதை என்று சொல்லி, வண்டியில் இறங்கினேன். (உண்மையில் ஒழுகாத வண்டியைக் காட்டத்தான்.) இறக்கம் என்பதால் எஞ்சினுக்கு வேலையே இல்லை, பூ மாதிரி இறங்கியது. அடிவாரத்தில் வேன் நின்றிருந்தது. உள்ளே மெர்சியின் அத்தையும் உறவுக்காரர்களும் ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மலையேறுவதற்குத் தயாராக இருந்தார்கள். ஆரோக்கியசாமி மட்டும் கீழே இறங்கி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கலவரம்.

"ஏனுங்க தம்பி, எனக்கு இந்த வளைவுல வேன்ல வந்தா கொடலப் பொரட்டுமுங்க. உங்க வண்டீல பின்னாடி உக்காந்து காத்தாட வந்தர்றனே, தோதுப்படுமுங்களா?"

தோதுப்படுமாவா! பெண் கொடுக்க வந்தவரே என் பின்னால் ஏறுகிறேன் என்கிறார். "வாங்க மாமா" என்றேன். (அதற்குள் மாமா!) கூடுதலாகக் கொண்டு வந்திருந்த ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார்.

"ஒழுகும்னு சொன்னாங்களே?"

"இனிமே ஒழுகாதுங்க. நானே சரி பண்ணிட்டேன்."

"பரவால்லீங்களே!" என்று வேட்டியைத் தொடையிடுக்கில் ஒடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கஞ்சி மொடமொடத்தது. பின்னால் வேன் கிளம்பியது. முன் சீட்டில் இருந்த அத்தை, மெர்சிக்கு அனுப்புவதற்காக, அண்ணன் மோட்டார் சைக்கிளில் போகிற அழகை செல்போனில் எடுக்க ஆரம்பித்தார்.

முதல் சில வளைவுகள் சுகமாகப் போயின. எஞ்சின் தட் தட் என்று மலையையே பேசவைத்தது. ஏற்றம் கூடக்கூட, இரண்டு ஆள் கனத்தில், எஞ்சின் சூடேறி மூச்சு வாங்கியது. எங்கேயோ 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. சாலையோரம் குரங்கு ஏதோ காயைப் போட்டு உடைக்கிறது என்று நினைத்தேன்.

உடனே மாமா என் தோளில் தட்டினார். புல்லரித்துவிட்டது எனக்கு. ஓட்டுகிற நேர்த்தியைப் பாராட்டுகிறார்! இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். மறுபடி தட்டினார், பலமாக. நானும் பலமாக முறுக்கினேன். பின்னால் வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை வருகிறார் என்று மலைக்கே அறிவிக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பிப் பார்க்க வழியில்லை. அசல் வண்டியில் பின்பார்க்கும் கண்ணாடி கிடையாது என்று, இருந்த இரண்டையும் நான் கழற்றி வைத்திருந்தேன். கருகிய ஆயில் வாடை மட்டும் வந்தது. இந்தச் சேலத்து வேன்காரர்கள் ஒழுங்காக சர்வீஸே விடுவதில்லை என்று மனதுக்குள் திட்டினேன்.

இன்னும் சில வளைவுகள் தாண்டியதும் அவர் இரண்டு கையாலும் என் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். முகத்தை என் முதுகில் வைத்து அழுத்தினார். ஏதோ சொல்கிறார், ஹெல்மெட்டுக்குள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியது. சீட்டு முழுக்க ஆயிலாகி, பிடி விட்டால் பள்ளத்தில்தான் என்று அவர் வழுக்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பஜாருக்குள் நுழைந்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருவர் வாயில் வைத்த பன்னைக் கடிக்காமலே பார்த்தார். இங்கிலாந்து வண்டி என்றால் அதன் கம்பீரமே தனி. நான் கையை உயர்த்தி எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்தேன்.

வீட்டு வாசலில் அம்மா பட்டுப் புடவையில், கையில் பூத்தட்டோடு நின்றார். அப்பா கோட்டு போட்டிருந்தார். வெள்ளை டைல்ஸ்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தப் போனேன், எஞ்சின் 'கிறீக்' என்று தானாகவே நின்றது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. தட்டு சாய்ந்து பூ கொட்டியது. அப்பா மெல்லக் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். நான் இறங்கித் திரும்பினேன்.

சீட்டில் ஒரு கறுப்பு மனிதர் இருந்தார். வலது காலிலிருந்து கழுத்து வரை ஆயில். கஞ்சி போட்ட வேட்டி காலோடு ஒட்டிக் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார். அது மூடியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது, அதில் இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. ஆயில் டேங்க்கின் மூடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்த 'டொப்' சத்தத்தோடு தெறித்த மூடி மலைப் பாதையில் எங்கேயோ கிடக்கிறது. உள்ளே இருந்த ஆயில் மொத்தமும், வளைவுக்கு வளைவு, அவர் வலது காலைக் குறிபார்த்து அடித்திருக்கிறது. என்மேல் ஆயில் ஒரு சொட்டுக்கூட அடிக்கவில்லை. வயிற்றில் மட்டும் அவருடைய பத்து விரலும் பதிந்திருந்தன.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை வண்டி காப்பாற்றிவிட்டது. டைல்ஸில் ஒரு சொட்டு சிந்தவில்லை. சிந்த அதனிடம் எதுவும் இல்லை. ஆனால் மாமா காலை எடுத்துக் கீழே வைத்தார். அவர் சொட்டினார்.

வேனும் வந்து நின்றது. அத்தை எலுமிச்சம்பழத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தார். "தட்டிட்டே இருந்தாருல்ல? நிறுத்தறதுக்கு என்னடா கேடு உனக்கு?"

"பாராட்டறாருன்னு நெனச்சேன்" என்றேன். அந்த இடத்தில் அதைவிட மோசமான பதில் ஒன்று இருக்க முடியாது.

அம்மா நர்ஸ் ஆகிவிட்டார். பட்டுப் புடவையை வரிந்து சொருகிக்கொண்டு, மாமாவின் காலைப் பிடித்துப் பார்த்தார். வேட்டி தடுத்ததால் தோல் சிவந்ததோடு போயிற்று, கொப்புளம் இல்லை. "பின்னாடி டயர்ல படாமப் போச்சே, கர்த்தர் கிருபை" என்று மருந்து தடவினார். அப்பா அவரைப் பின்கட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போய், தேங்காயெண்ணெய் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துத் தேய்த்து, கடலைமாவு போட்டு, சீயக்காய் போட்டு, மறுபடி கடலைமாவு போட்டு உருட்டி எடுத்தார். ஊடு பார்க்க வந்த யாருக்கும் தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு சம்பந்தி உபசாரம் நடந்திருக்காது. மாற்றுத் துணி கிடையாது. என்னுடைய கைலி, அப்பாவின் பழைய ஸ்வெட்டர். அந்தக் கோலத்தில் வந்து ஹாலில் உட்கார்ந்தார். பலகாரத் தட்டை ஒருவரும் தொடவில்லை.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மெர்சி போனாள். இந்தச் சனியனுக்காகப் போனாள். அப்போது அத்தையின் செல்போன் அடித்தது. மெர்சிதான். படம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "அவருகிட்டக் குடுங்க அத்தை" என்றாள். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

"என்னங்க பண்ணீங்க வண்டிய?"

சொன்னேன். குழாய், சொட்டு, ரப்பர் மூடி, எல்லாவற்றையும்.

"குக்கர் வெயிட்டு மேல கல்லத் தூக்கி வெச்சிருக்கீங்க. எஞ்சினுக்குள்ள காத்து அழுத்தம் வெளிய போறதுக்குத்தாங்க அந்தக் குழாய். எட்டாவது புள்ளைங்களுக்கே நான் இத நடத்தறேன்."

அப்பா கூரையைப் பார்த்தார்.

"அது சொட்டினா சொட்டிட்டுப் போகுது. ஏன் அடைச்சீங்க?"

"உங்க அப்பா வர்றப்ப வாசல்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாதுன்னுதாங்க. உங்களை விட்டுட்டா எனக்கு..." பத்துப் பேர் பார்க்க, வாய் கோணிவிட்டது எனக்கு.

மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வருகிற சிரிப்பு. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"அப்பா, எனக்குச் சம்மதம்ப்பா. நமக்காக இவ்வளவு மெனக்கெட்டுத் தப்புப் பண்ணின ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

"உனக்கென்ன கண்ணு, நீ அங்க உக்காந்துட்டுச் சொல்லுவ. ஆயிலு என்ற மேலயல்ல ஊத்துச்சு!" என்று அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார், அப்பாவையும் அம்மாவையும் பார்த்தார். "பையனப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. சம்பந்தி எனக்கு முதுகு தேச்சு உட்டாரு, அம்மா என்ற காலப் புடிச்சு மருந்து போட்டாங்க. ஊடு நொம்பப் பிரமாதமுங்க. பொண்ணு தர்றேன். ஆனா ஒண்ணு. என்ற பொண்ணு அந்த வண்டீல பின்னாடி உக்காரவே கூடாது."

சத்தியமாக உட்கார வைக்க மாட்டேன் என்றேன். பலகாரத் தட்டு நகர்ந்தது.

கல்யாணம் முடிந்தது. முதல் வேலையாக மெர்சி அந்த இரண்டு ரப்பர் மூடியையும் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தோம். இப்போது குழாய் இரண்டும் தாராளமாகச் சொட்டுகின்றன, கீழே ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறோம். அவள் அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கையும் அவள் மீறவில்லை. பின் சீட்டில் இன்றுவரை ஒருநாள்கூட உட்காரவில்லை. முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். மாதம் ஒருமுறை சேலத்துக்கு அவள்தான் ஓட்டுகிறாள். பின்னால் நான், மடியில் காபித்தூள் பையோடு.

மண்டி வாசலில் சத்தம் கேட்டதுமே மாமனார் வெளியே வந்துவிடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதே மொடமொடப்பு. மகளிடம் போக மாட்டார். பையை வாங்க மாட்டார். நேராக எனக்கு வலது பக்கம் வந்து, குனிந்து, என் பேன்ட்டை முழங்காலிலிருந்து பாதம் வரை பொறுமையாகப் பார்ப்பார். கடையாட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பார்த்து முடித்து நிமிரும்போது அவர் முகத்தில் அவ்வளவு ஏமாற்றம் இருக்கும்.

"ஏனுங்க மாப்ள, இன்னிக்கும் ஒண்ணும் படலீங்களா?"